பழைய புல்லட்டின் சக்கரம்: மெருகேற்றிய பிறகு வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

டேங்குக்குப் பெயிண்ட் அடித்து, இன்ஜினைத் திறந்து மூடி, சீட்டுக்கு ரெக்சின் மாற்றி, கடைசியாகச் சக்கரத்துக்கு வந்து சேரும்போது பலருக்குப் பொறுமையும் கையில் இருந்த காசும் தீர்ந்துபோயிருக்கும். ரிம்மைக் குரோமுக்கு அனுப்புவார்கள், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குக் கருப்பு அடிப்பார்கள், ஸ்போக்ஸ் கட்டி மாட்டிவிடுவார்கள். வண்டி மின்னும். காட்பாடி மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் ஹேண்டில்பார் கையில் ஆடும்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இப்படி வந்து நின்ற சக்கரங்களைப் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன். துருப்பிடித்த பழைய சக்கரத்தோடு வந்தவர்கள் குறைவு. புதுப்பித்த சக்கரத்தோடு வந்தவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் குறிப்பில் மெருகேற்றும் வேலை எங்கே கோளாறை உள்ளே விடுகிறது என்பதையே அதிகம் சொல்லப்போகிறேன்.

அளவுகள் எல்லாம் பழைய 350 சிசி புல்லட்டுக்கு: 19 அங்குல ரிம், 3.25 டயர், சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ். ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு அளவு மாறும், முறை மாறாது.

எதையும் கழற்றும் முன்

சக்கரம் இன்னும் முழுசாக இருந்தால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக் டிரம் இருக்கும் பக்கம் ஹப்பின் விளிம்பில் நேரான இரும்பு ஸ்கேலை வைத்து, அங்கிருந்து ரிம்மின் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ரிம் ஹப்புக்கு நட்ட நடுவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த விலகலைத் தொலைத்துவிட்டால் பிறகு யாராலும் ஊகித்துக் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். ஸ்போக்ஸ் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்குப் போகிறது, எது எதன் மேல் குறுக்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பழைய ரிம்மைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ரிம்மில் உள்ள நிப்பிள் (ஸ்போக்ஸை இறுக்கும் சின்ன நட்) ஓட்டைகள் அந்த ஹப்புக்கு ஏற்ற சாய்வில் குத்தப்பட்டவை. வேறு வண்டியின் 19 அங்குல ரிம்மில் 40 ஓட்டை இருந்தாலும் சாய்வு ஒத்துவராவிட்டால் ஸ்போக்ஸ் கழுத்தில் வளைந்து நிற்கும், சீக்கிரம் முறியும். புல்லட் 1955 முதல் நம் சென்னையில், திருவொற்றியூரில் செய்த வண்டி என்பதால் சாமான் இன்னும் கிடைக்கிறது. மைசூரில் யெஸ்டி செய்த ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த வண்டிக்காரர்கள் பழைய ரிம்மைப் பொன்போல வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: 40, 50 வேகத்தில் ஹேண்டில்பார் ஆடுகிறது

*காற்றும் டயரும்.* முதலில் காற்று. ஒருவர் மட்டும் போவதானால் முன்சக்கரத்துக்கு 18 முதல் 20 psi, பின்சக்கரத்துக்கு 28. காற்றுப் பிடிக்கும் கடையில் இரண்டுக்கும் 35 அடித்து அனுப்பியதால் மட்டுமே ஆடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் டயர் ரிம்மில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில், ரிம்முக்கு ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்தக் கோடும் ரிம் ஓரமும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காற்று ஏற்றுங்கள். புதுப் பெயிண்ட் அடித்த ரிம்மில் டயர் வழுக்கி உட்காராமல் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும், நம் ஊர் வெயிலில் பல வருடம் நின்ற டயர் பக்கவாட்டில் வெடித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தேடாதீர்கள்.

*பேரிங்கா, கோன்செட்டா?* வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் தூக்குங்கள். சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது ஆக்ஸில் நட். அடுத்து ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். அதில் ஆட்டம் வந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங். இரண்டையும் குழப்பிக்கொண்டு சக்கரத்தைப் பிரித்தவர்கள் பலர்.

*கோட்டம்.* ஃபோர்க் காலில் ஒரு பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி, முனை ரிம்மின் ஓரத்தைத் தொடாமல் தொடும்படி நிறுத்துங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். பென்சிலுக்கும் ரிம்முக்கும் இடைவெளி கூடிக் குறைந்தால் பக்கவாட்டுக் கோட்டம். பென்சிலை ரிம்முக்கு மேல் வைத்துப் பார்த்தால் ஏற்ற இறக்கக் கோட்டம் தெரியும். இரண்டிலும் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். 2 தாண்டினால் எடுத்தே ஆக வேண்டும். ரிம்மின் வெல்டிங் இணைப்பில் சின்ன மேடு இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டிலேயே எடுப்பதானால், முதல் நாள் இரவே எல்லா நிப்பிளுக்கும் ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ஏற்ற இறக்கத்தை முதலில் எடுங்கள், பக்கவாட்டு அதன்பிறகு. ரிம் வலப்பக்கம் வர வேண்டுமானால், அந்த இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்துக்குப் போகும் ஸ்போக்ஸை இறுக்கி, பக்கத்திலுள்ள இடப்பக்க ஸ்போக்ஸை அதே அளவு தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஹப் பக்கமிருந்து பார்க்கும்போது நிப்பிளை இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். முதன்முதலில் செய்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தலைகீழாகத் திருப்பி, கோட்டத்தை இரண்டு மடங்காக்குகிறார்கள்.

*எப்போது ஆளிடம் போவது?* நிப்பிள் திரும்பாமல் ஸ்போக்ஸே முறுக்கிக்கொண்டால் உடனே நிறுத்துங்கள். ரிம்மில் பள்ளம் விழுந்திருந்தால், நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல் தெரிந்தால், ஒரே இடத்தில் ஏற்ற இறக்கம் குறையவே மறுத்தால், கோட்டம் எடுப்பவரிடம் கொண்டு போங்கள். பள்ளம் விழுந்த ரிம்மை ஸ்போக்ஸால் இழுத்து வட்டமாக்க முடியாது.

அறிகுறி 2: மெதுவாகத் தள்ளும்போது 'கிளிக்', 'கிளிக்', ஸ்போக்ஸ் அடிக்கடி தளர்கிறது, முறிகிறது

இதற்கான சோதனைக்கு ஒரு சின்ன ஸ்பானர் போதும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு ஸ்போக்ஸையும் லேசாகத் தட்டுங்கள். இறுகியது மணிபோல 'டிங்' என்று கேட்கும். தளர்ந்தது 'டப்' என்று செத்த ஓசை தரும். நாற்பதையும் தட்டி முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. செத்த ஓசை வந்த இடத்தில் சாக்பீஸால் குறி வையுங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக மூன்று நான்கு குறி என்றால், புதிதாகக் கட்டிய சக்கரம் படிகிறது என்று அர்த்தம். கால் கால் சுற்றாக இறுக்கிவிடுங்கள். கட்டிய சக்கரத்தை 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை தட்டிப் பார்ப்பதை வழக்கமாக வையுங்கள்.

குறி சுற்றிலும் நிறைந்திருந்தால் சிக்கல் வேறு. என் அப்பாவின் வண்டிக்கு நான் முதன்முதலாகச் சக்கரம் புதுப்பித்தபோது இதுதான் நடந்தது. ரிம், ஹப் இரண்டுக்கும் கறுப்புப் பவுடர் கோட்டிங் போட்டுக் கட்டினேன். மூன்று வாரத்தில் மூன்று தடவை தளர்ந்தது. ஐம்பது வருடமாகச் சைக்கிளுக்கும் புல்லட்டுக்கும் கோட்டம் எடுத்துவரும் ஒரு பெரியவரிடம் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு நிப்பிளைக் கழற்றி, ரிம் ஓட்டையின் உட்குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, நிப்பிள் இரும்பு மேல உக்காரல. பெயிண்டு மேல உக்காந்திருக்கு. பெயிண்டு நசுங்க நசுங்க லூசு ஆவும்."

"இப்ப இன்னா பண்றது பெரியவரே?"

"இன்னா பண்றது, நாப்பதையும் கழட்டு. குழிய மட்டும் சுரண்டி இரும்பு காட்டு. அப்புறம் எடுத்துனு வா."

பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை தடிமனாக நிற்கும். நிப்பிள் உட்காரும் குழி, ஸ்போக்ஸ் தலை உட்காரும் ஹப் ஓட்டை, இந்த இரண்டும் கோட்டிங்குக்குப் போகும் முன் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் சொன்னால் மட்டும் போதாது. ரிம்மில் எழுதி ஒட்டி அனுப்புங்கள். பேரிங் உட்காரும் இடம், டிரம்மின் உட்புறம், ஆக்ஸில் துளை ஆகியவற்றுக்கும் இதே விதி. கோட்டிங் அடுப்பில் 180, 200 டிகிரி வரை சூடேறும் என்பதால் பேரிங்கையும் கிரீஸையும் முழுசாக எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும்.

முறிவது வேறு கதை. வளைவுக் கழுத்தில் முறிந்தால், பெரும்பாலும் தவறான ஸ்போக்ஸ் போட்டிருக்கிறார்கள். ஹப்பின் உட்பக்கமாக வருவதற்கும் வெளிப்பக்கமாக வருவதற்கும் கழுத்து வளைவு வேறு, சில சமயம் நீளமும் வேறு. கலந்து கொடுத்த கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் இந்த நிலைதான். ஒன்று முறிந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். அதே சக்கரத்தில் குறுகிய காலத்தில் மூன்று முறிந்தால் மொத்தமாக மாற்றுங்கள், மீதி உள்ளவையும் சோர்ந்துவிட்டன.

ஸ்போக்ஸுக்குக் குரோம் பூச வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்வேன். அமிலத்தில் முக்கிப் பூசும்போது கடின எஃகுக் கம்பி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும், மரையும் தடித்துப்போகும். துத்தநாகம் பூசி வரும் புதுக் கட்டு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டு வாங்குங்கள். ஹப் ஓட்டையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஸ்போக்ஸ் எத்தனை மாற்றினாலும் நிற்காது. அந்த ஹப்பை லேத் பட்டறையில் காட்டுங்கள்.

அறிகுறி 3: ரிம்மில் புள்ளித் துரு, குரோம் உரிதல், பெயிண்ட் குமிழ்

*மேலாகப் புள்ளி புள்ளியாகத் துரு.* சமையலறை அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். குரோமில் கீறல் விழாது, துரு கரைந்து வரும். துடைத்துக் காயவைத்து வேக்ஸ் பூசுங்கள். கம்பி நார் வைத்துத் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் குரோமில் பதிந்து, அடுத்த மழையில் அதுவே துருப்பிடிக்கும்.

*ஆழமான துரு, ஆனால் குரோம் ஒட்டியிருக்கிறது.* ரிம் தனியாக இருந்தால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போதும். லிட்டருக்கு 50 கிராம் கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, நடுநடுவே எடுத்துப் பாருங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயட்டும் என்று விட்டால் உப்புக்கறை படிந்து, மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். அது துருவோடு குரோமையும் தின்றுவிடும்.

*குரோம் தோல் தோலாக உரிகிறது.* இதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஆனால் மறுபடி பிளேட்டிங்குக்குக் கொடுக்கும் முன் ரிம்மின் உட்புறத்தை, டியூப் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். நிப்பிள் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கித் தேங்கும் இடம் அதுதான். வாட்டர் சர்வீஸில் அழுத்தமாகத் தண்ணீர் அடித்த வண்டிகளில் இது இன்னும் மோசமாக இருக்கும். பழைய ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டைகளைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். செதிலாக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்த ரிம் முடிந்தது. அதற்குப் பிளேட்டிங் போடுவது உயிரோடு விளையாடுவது.

குரோம் என்று நாம் பார்க்கும் பளபளப்பில் குரோமின் பங்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியில் உள்ள நிக்கல்தான் துருவைத் தடுக்கிறது. அதனால் கடையில் "நிக்கல் எத்தனை மைக்ரான்" என்று கேளுங்கள். குழிவிழுந்த ரிம்மைப் பஃப் செய்யாமல் (பாலிஷ் சக்கரத்தில் தேய்க்காமல்) அப்படியே முக்கி எடுத்தால் குழியும் மின்னும், ஆறு மாதத்தில் அங்கிருந்தே உரியும். எனக்கு ஒருமுறை அப்படி வந்தது. மறுபக்கம், குழி தெரியக்கூடாது என்று பஃபிங்கில் அளவுக்கு மீறித் தேய்த்து, நிப்பிள் மேடுகள் மெலிந்துபோன ரிம்மையும் பார்த்தேன். கொடுக்கும்போதே ஓட்டை ஓரத்தின் தடிமனை வெர்னியரில் அளந்து வையுங்கள், திரும்பி வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள்.

யூடியூப் பார்த்து வீட்டில் குரோம் பிளேட்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு: வேண்டாம். ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வாளிக் கழிவைச் சாக்கடையில் ஊற்றினாலும் அதே விஷம்தான்.

*பெயிண்ட் குமிழ் விடுகிறது, மங்குகிறது.* அடித்த நேரத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். மே மாத மதியத்தில் அடித்தால் தின்னர் காற்றிலேயே உலர்ந்துபோய், பரப்பு சொரசொரவென்று நிற்கும். ஐப்பசி மழையில் அடித்தால் ஈரம் பிடித்து வெண்மை படரும். மற்ற மாதங்களில் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் அடிப்பதுதான் எனக்குக் கைவந்தது. வெயில் காலத்தில் மெதுவாக உலரும் தின்னர் கேட்டு வாங்குங்கள். குமிழைக் கீறினால் அடியில் துரு இருந்தால் காலநிலை காரணம் இல்லை, துருவை எடுக்காமல் பிரைமர் அடித்திருக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடாமல் முழு ரிம்மையும் இரும்பு தெரியும் வரை எடுத்து, எபாக்ஸி பிரைமரிலிருந்து தொடங்குங்கள். ஹார்டனர் கலக்கும் பெயிண்டை வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். நுரையீரலைப் பதம் பார்க்கும் புகை அது. சரியான வடிகட்டி முகமூடி இல்லையென்றால் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 4: பிரேக் பிடித்தால் விட்டு விட்டுப் பிடிக்கிறது

முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடித்தபடியே நட்டை மறுபடி இறுக்குங்கள். பிரேக் பிளேட் நடுவில் வந்து உட்காரும். பாதி வண்டிகள் இதிலேயே சரியாகும்.

சரியாகாவிட்டால் டிரம்மைத் திறங்கள். பழைய லைனரின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். லைனர் கண்ணாடிபோல மின்னினால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். கிரீஸ் ஊறியிருந்தால் மாற்றுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. புதிதாகக் கட்டிய சக்கரத்தில் இதுதான் நடக்கும், ஏனென்றால் நாற்பது ஸ்போக்ஸும் சேர்ந்து இழுக்கும்போது டிரம் லேசாக நீள்வட்டமாகும். எனவே லேத் பிடிப்பது எப்போதும் ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்து முடித்த பிறகே. முன்னாடியே டிரம்மைக் கடைந்துவிட்டுப் பிறகு கட்டினால் அந்தக் காசு வீண். டயர் இல்லாத முழுச் சக்கரத்தை மாட்டிச் சுற்றும் அளவு பெரிய லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். டிரம்மின் உட்புறம் விரிசல் கோடு தெரிந்தால் கடைய வேண்டாம், மாற்றுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கும் எண்ணம் இருந்தால் இந்த அறிகுறியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி 5: திரும்பத் திரும்பப் பஞ்சர்

பஞ்சர் கடைக்காரரிடம் ஓட்டை டியூப்பின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. தரைப்பக்கம் என்றால் வேலிக்காத்தான் முள்ளோ ஆணியோ டயருக்குள் இன்னும் இருக்கும். உட்புறத்தை விரலில் துணி சுற்றித் தடவிப் பாருங்கள். ரிம் பக்கம் என்றால் ஸ்போக்ஸ் முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. அரத்தால் ராவி மட்டமாக்கி, ரிம் டேப் புதிதாகப் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் டயர் லீவர் கடித்தது, அல்லது காற்றுக் குறைவாக இருந்தபோது பள்ளத்தில் விட்டது. வால்வு அடியில் கிழிந்திருந்தால், புதுப் பெயிண்டில் டயர் வழுக்கிச் சுற்றி டியூப்பை இழுத்திருக்கிறது. வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

அறிகுறி 6: கையை லேசாக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

செயின் அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே குறியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நூல் பிடியுங்கள். பின்சக்கரத்தின் பின்புறம் நீளமான நூலைச் சுற்றி, இரு முனைகளையும் பின்டயரின் இரு பக்கங்களையும் உரசியபடி முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டுங்கள். முன்சக்கரம் நேராக இருக்கும்போது இரு நூல்களுக்கும் அதற்கும் இடையே ஒரே இடைவெளி வர வேண்டும். ஒரு பக்கம் நெருங்கியிருந்தால், முதலில் எழுதி வைத்தீர்களே அந்த விலகல் அளவு, அதை எடுத்துச் சக்கரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் கட்டியவர் ரிம்மை நடுவில் நிறுத்தியிருப்பார். எல்லா ஸ்போக்ஸையும் ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் அதே அளவு இறுக்கி நகர்த்தலாம்.

அளவு சரியாக இருந்தும் நூல் ஒத்துவராவிட்டால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷை ஆட்டிப் பாருங்கள். அதிலும் ஆட்டம் இல்லையென்றால் ஃபோர்க் அல்லது சேசிஸ் வளைந்திருக்கிறது. சேசிஸைத் தாங்குசட்டத்தில் பூட்டி அளந்து நிமிர்த்தும் பட்டறைக்குத்தான் அது போக வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டாமல், டெம்போவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.